பட்டம் நாடாத மாணாக்கர்: திருவனந்தபுரத்தின் ஒரு கல்வி மரபு

ஒரு நகரத்தின் கல்விச் சரித்திரத்தை எழுதப் புகுவோர், அந்நகரத்துக் கலாசாலைகள் தோன்றிய ஆண்டுகளையும், அவற்றில் பயின்று பட்டம் பெற்றுப் புகழடைந்தோரின் பெயர்களையும் வரிசையாக எடுத்துரைத்து, அவ்வளவில் தங்கள் கடமை முடிந்ததென்று அமைவது வழக்கம். ஆயினும், பட்டப் பதிவேட்டில் பெயர் ஏறாமலே, பகற்பொழுதை ஜீவனத்துக்குக் கொடுத்து, அந்திப் பொழுதைக் கல்விக்கென்று ஒதுக்கி, அறிய வேண்டியதை அறிந்தோரிடம் சென்று அறிந்துகொண்டவர்களும் ஒவ்வொரு நகரத்திலும் உண்டு. அவர்களுடைய சரித்திரம் ஏடுகளில் அடங்குவதில்லை. அடங்காமையினாலேயே அது சிறியதென்று நினைத்துவிடுதலும் தகாது. திருவனந்தபுரத்தைப் பொறுத்தவரை, அம்மரபே அந்நகரத்தின் வித்யா சம்பத்தில் ஒரு பெரும்பகுதி என்பது எமது துணிபு.

இந்நகரம் ஒரு ராஜதானியாகவும், பின்னர் ஒரு மாநிலத்தின் தலைநகரமாகவும் விளங்கி வருவதால், உத்தியோகஸ்தர்களின் ஊராகவே வளர்ந்தது. ஆயில்யம் திருநாள் மகாராஜாவின் ஆட்சியில், திவான் மாதவ ராவின் காலத்தில், வில்லியம் பார்ட்டன் என்னும் பொறியாளர் அமைத்த ஹஜூர் கச்சேரிக் கட்டடம் 1869-இல் திறக்கப்பட்டது. இன்று தலைமைச் செயலகம் எனப்படும் அம்மாளிகையைச் சுற்றிலும், கோட்டைக்குள்ளும், கரமனை, வலியசாலை ஆகிய அக்கிரகாரங்களிலும், சாலைக் கடைத்தெருவின் பின்புறத்துத் தெருக்களிலும், மாதச் சம்பளத்தை நம்பிய குடும்பங்கள் ஆயிரக்கணக்கில் குடியேறின. அவற்றுள் தமிழ்க் குடும்பங்கள் கணிசமானவை. கச்சேரி மூடும் நேரத்திற்கும் இரவு உணவிற்கும் இடையே ஒழிவுள்ள, எழுத்தறிவும் நூலார்வமும் உடைய ஒரு ஜனசமூகம் ஓரிடத்தில் சேர்ந்து வாழுமாயின், அங்கே அந்தி வேளைக் கல்வி ஒன்று தானாகவே முளைத்தல் இயல்பன்றோ?

அக்கச்சேரிக் கட்டடம் எழும்பிய நாட்களில் அங்கே செங்கல் சுமந்தவர்களுள் ஒரு சிறுவனும் இருந்தான் என்று அவனுடைய சரித்திரகாரர்கள் கூறுவர். 1853-இல் பிறந்த அவனே பிற்காலத்தில் சட்டம்பி ஸ்வாமிகள் என்று மலையாள நாடு முழுவதும் வணங்கப்பெற்றவர். வறுமையின் காரணமாகக் கலாசாலைக் கல்வி அவருக்குக் கிட்டவில்லை. ஆயின் நகரின் பேட்டைப் பகுதியில் ராமன் பிள்ளை ஆசான் என்பவர் ஞானப்பிரஜாகரம் என்ற பெயரால் ஒரு வித்வத் சபையை நடத்தி வந்தார். அறிஞர்கள் கூடிச் சாஸ்திர விஷயங்களையும் சமய தத்துவங்களையும் விவாதித்த அச்சபையில், அந்நகரத்து அரசர் கலாசாலையில் தமிழ் கற்பித்த ஸ்வாமிநாத தேசிகர் ஸ்வாமிகளுக்கு அறிமுகமானார். கலாசாலைப் படியில் மாணாக்கராக ஒருபோதும் கால்வைக்காத அவ்விளைஞருக்கு, அதே கலாசாலையின் தமிழாசிரியர் தமிழ் இலக்கியத்தையும் வேதாந்த நூல்களையும் கற்பித்தார். அதற்குக் கட்டணமும் இல்லை. வருகைப் பதிவும் இல்லை. முடிவில் தரப்படும் பத்திரமும் இல்லை. சர்வகலாசாலைப் பட்டத்தை நாடாது சர்வகலாசாலையின் கல்வியை மட்டும் நாடிய மாணாக்கருக்கு இதனினும் சிறந்த உதாரணம் எந்நாட்டுச் சரித்திரத்திலேனும் கிடைக்குமோ என்பது ஐயமே.

அரசர் கலாசாலை என்று நாம் குறிப்பிட்டது, இன்று பாளையத்தில் யூனிவர்சிட்டி காலேஜ் எனப் பெயர் பெற்று விளங்கும் நிலையமாகும். ஸ்வாதித் திருநாள் மகாராஜா 1834-இல் நிறுவிய இலவச ஆங்கிலப் பாடசாலை வளர்ந்து, 1866-இல் சென்னைச் சர்வகலாசாலையோடு இணைந்த கல்லூரியாயிற்று. அக்கலாசாலையின் பெருமைக்குரிய பழைய மாணவரும் தத்துவப் பேராசிரியருமான பெ. சுந்தரம் பிள்ளை, 1876-இல் பி.ஏ. பட்டம் பெற்று, பின்னர் உத்தியோகத்தில் இருந்துகொண்டே 1880-இல் எம்.ஏ. தேர்வும் பெற்றவர். இடையே சில ஆண்டுகள் அரசாங்கத்தின் வருவாய்த்துறைப் பணிக்குச் சென்று மீண்டு வந்த அவர், பட்டம் பெற்றதோடு கல்வி முடிந்ததென்று ஓய்ந்திருந்தாரல்லர். ஞானப்பிரஜாகர சபையில் அவரும் கலந்து பழகினார். 1885-இல் சைவப் பிரகாச சபை அவரது முயற்சியால் தோன்றியது. 1891-இல் மனோன்மணியம் வெளிவந்தது. திருவிதாங்கூர் அரசர்களின் பழங்காலத்தைக் கல்வெட்டுக்களால் துலக்கும் ஆராய்ச்சியும் அவரது ஓய்வு நேரத்து வேலையாகவே நடந்தது. பேராசிரியரும் பட்டமற்றோரும் ஒரே பாயில் அமர்ந்து தர்க்கித்த அச்சபைகளே, இந்நகரில் பின்னாளில் எழுந்த மாலை வகுப்புகளுக்கெல்லாம் மூதாதைகள் என்னலாம்.

இவ்விடத்தில் அக்காலச் சர்வகலாசாலைகளின் அமைப்பைச் சற்று நினைவுகூர்தல் அவசியம். 1857-இல் கல்கத்தா, பம்பாய், சென்னை ஆகிய மூன்று நகரங்களிலும் தோன்றிய சர்வகலாசாலைகள் லண்டன் சர்வகலாசாலையை முன்மாதிரியாகக் கொண்டவை. அவற்றின் பிரதான காரியம் பரீட்சை நடத்துதலே; பாடம் போதித்தல் இணைந்த கல்லூரிகளின் பொறுப்பு. லண்டனோ 1858-இல் ஒரு படி மேலே சென்று, எந்தக் கல்லூரியிலும் பயிலாதவரும் தேர்வெழுதிப் பட்டம் பெறலாம் என்று கதவைத் திறந்துவிட்டது. நம் நாட்டில் அக்கதவு அத்துணை அகலமாகத் திறக்கவில்லை; எனினும் ஆசிரியத் தொழிலில் இருந்தோர் போன்ற சிலருக்குத் தனித்தேர்வராக அமரும் சலுகை காலந்தோறும் தரப்பட்டது. இதனின்றும் விளைந்தது வகுப்பில்லாத பட்டம். அதற்கு நேர்மாறான பட்டமில்லாத வகுப்பை எந்தச் சட்டமும் அக்காலத்தில் ஏற்படுத்தவில்லை. லண்டன் திறந்த கதவுக்கு எதிர்க்கதவை, கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலை 1873-இல் ஜேம்ஸ் ஸ்டூவர்ட்டின் தூண்டுதலால் திறந்தது. அதன் ஆசிரியர்கள் தொழில் நகரங்களுக்குச் சென்று, தொழிலாளருக்கும் பெண்டிருக்கும் முறையான சொற்பொழிவு வரிசைகளை நிகழ்த்தலாயினர். திருவனந்தபுரத்தில் அவ்வேலையைச் சபைகளும் நூலகமும் தாமே மேற்கொண்டிருந்தன.

நூலகம் என்றால், அதன் கதை இன்னும் பழையது. பிரிட்டிஷ் ரெஸிடெண்ட்டாக இருந்த கர்னல் எட்வர்ட் கடோகன் 1829-இல் இந்நகரில் ஒரு புத்தகசாலையைத் தோற்றுவித்தார். ஆரம்பத்தில் அது ஒரு சிறு வட்டாரத்துக் கனவான்களுக்கு மட்டுமே உரியதாயிருந்தது. 1898-இல் அரசாங்கம் அதனை ஏற்று, பொதுஜனங்களுக்கு உரிமையாக்கியது. அடுத்த சில ஆண்டுகளில் அது இன்றுள்ள கம்பீரமான கட்டடத்திற்குக் குடிபுகுந்தது. கச்சேரிக் குமாஸ்தாவும், பள்ளி ஆசிரியரும், வக்கீலும் தம்முள் பேதமின்றி ஒரே மேசையில் அமர்ந்து வாசிக்கும் வாய்ப்பு இவ்வாறு வந்தது.

இத்தகைய சூழ்நிலை ஒரு மனிதரை எவ்விதம் உருவாக்கவல்லது என்பதற்கு எஸ். வையாபுரிப் பிள்ளையின் வாழ்க்கையே சான்று. சட்டம் பயின்ற அவர் 1915 முதல் சுமார் ஏழாண்டுகள் திருவனந்தபுரத்தில் வக்கீல் தொழில் நடத்தினார். வழக்குக் கட்டுகளுக்கிடையே அவர் தேடியவை ஏட்டுச் சுவடிகள். நீதிமன்றம் முடிந்த பின் அவர் நாடியது கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை போன்ற அறிஞர்களின் நட்பு. மனோன்மணியத்தை ஆராய்ந்து 1922-இல் அவர் பதிப்பித்ததும் இந்நகரத்து வாசத்தின் பயனே. தமிழில் பட்டம் ஒன்றும் பெறாத அவ்வக்கீலே 1926-இல் சென்னைச் சர்வகலாசாலைத் தமிழ்ப் பேரகராதியின் பதிப்பாசிரியரானார். பின்னர் அச்சர்வகலாசாலையின் தமிழ்த்துறைத் தலைவருமானார். 1951-இல் திருவனந்தபுரத்துக்கே மீண்டும் தமிழ்ப் பேராசிரியராக வந்தார். கே. என். சிவராஜ பிள்ளையும் திருவிதாங்கூர் போலீஸ் இலாகாவில் உத்தியோகம் பார்த்தவர். சங்க காலத்தின் கால வரையறையைப் பற்றிய அவரது ஆங்கில நூல் 1932-இல் வெளிவந்தபோது அறிஞருலகம் அதனை ஊன்றி வாசித்தது. இவர்கள் பட்டத்திற்காகத் தமிழ் கற்கவில்லை. கற்ற தமிழே இவர்களுக்குச் சர்வகலாசாலைப் பீடங்களைத் தேடித் தந்தது.

1937 நவம்பர் மாதம் முதல் தேதியன்று, ஸ்ரீ சித்திரைத் திருநாள் மகாராஜாவின் ஆணையால் திருவிதாங்கூர்ச் சர்வகலாசாலை உதயமாயிற்று. திவான் ஸர் சி. பி. ராமஸ்வாமி ஐயர் அதன் முதல் துணைவேந்தர். இருபது ஆண்டுகளுக்குப் பின், 1957-இல், அது கேரளச் சர்வகலாசாலையாக மாறியது. நகரத்திற்குள்ளேயே சர்வகலாசாலை வந்துவிட்டதால் கல்வியின் தரம் உயர்ந்ததோடு, பட்டத்தின் மீது ஜனங்களுக்கிருந்த பற்றும் பன்மடங்கு பெருகியது. அரசாங்கப் பணிக்குத் தேர்வாணையம் வகுத்த தகுதிகள், பதவி உயர்வுக்கான நிபந்தனைகள், வரன் தேடும் குடும்பங்களின் எதிர்பார்ப்புகள் ஆகிய எல்லாம் பட்டத்தையே சுட்டின. கல்லூரிகளில் இடமோ மிகச் சில. இம்முரண்பாட்டின் விளைவாகவே, தனிப்பதிவு என்று வழங்கும் முறையும், அதனை அண்டி வாழ்ந்த பாரலல் காலேஜ்களும் கேரளமெங்கும் பெருகின.

பாரலல் காலேஜ்களைப் பற்றி இகழ்ந்து பேசுவோர் உளர். அவர்கள் அந்நிலையங்களை உள்ளே சென்று பார்த்தவரல்லர். சர்வகலாசாலையோடு இணையாத அந்நிலையங்கள், ஓலைக் கொட்டகையிலும், கடைகளின் மாடியிலும், வாடகை வீடுகளின் முற்றத்திலும் நடந்தன. எம்.ஏ. பட்டம் பெற்றும் வேலை கிட்டாத இளைஞர்களே அவற்றின் ஆசிரியர்கள். இடம் கிடைக்காத ஏழைப் பிள்ளைகளும், கடையில் நிற்கும் வாலிபர்களும், திருமணத்தால் படிப்பு நின்றுபோன பெண்களும் அவற்றின் மாணாக்கர்கள். சர்வகலாசாலை அவர்களுக்குத் தேர்வு மண்டபத்தை மட்டுமே திறந்தது. வகுப்பறையைத் தாங்களே கட்டிக்கொண்டார்கள். வகுப்பில்லாத பட்டம் என்று நாம் மேலே கூறிய குறையை, ஜனங்கள் தம் சொந்த முயற்சியால் நிவர்த்தி செய்துகொண்ட சரித்திரமே அது. இவ்விதமே பொறியியற் கல்லூரி, டிப்ளமா பெற்று வேலையில் அமர்ந்தோருக்குப் பகுதிநேர மாலை வகுப்புகளால் பட்டம் பெறும் வழியை அமைத்தது. சட்டக் கல்வியிலும் மாலை வகுப்புகள் நடந்து, அலுவலகத்திலிருந்து நேரே வகுப்புக்கு வந்த பலரை வக்கீல்களாக்கின. 1976-இல் கேரளச் சர்வகலாசாலை அஞ்சல் வழிக் கல்வியையும் தொடங்கியது.

இவையாவும் பட்டத்தை நோக்கிய பாதைகளே. மற்றொரு பாதை இவற்றின் பக்கத்திலேயே, ஆரவாரமின்றி ஓடிக்கொண்டிருந்தது. 1934-இல் தோன்றிய கேரள ஹிந்தி பிரசார சபையின் பிரசாரகர்கள், கிராமந்தோறும் அந்தி வேளைகளில் ஹிந்தி வகுப்பு நடத்தினர். குமாஸ்தாவும் இல்லத்தரசியும் பள்ளிச் சிறுவனும் ஒரே வகுப்பில் அமர்ந்து அகரம் தொடங்கியது அக்காலத்தில் சகஜமான காட்சி. பி. என். பணிக்கர் 1945-இல் அம்பலப்புழையில் 47 நூலகங்களின் பிரதிநிதிகளைக் கூட்டித் தொடங்கிய கிரந்தசாலை இயக்கமோ, வாசிப்பதோடு நில்லாமல், இராப்பாடசாலைகளையும் சொற்பொழிவுகளையும் நூலகத்தின் அங்கங்களாக்கியது. கல்லூரிக்குச் செல்லாத கேரளீயன் சரித்திரத்தையும் பொருளாதாரத்தையும் சோவியத் நாவலையும் பற்றித் தடையின்றிப் பேச வல்லவனானது இவ்வியக்கத்தின் பயனே. தமிழருள்ளும், சாலைக் கடைத்தெருவில் கடை நடத்திக்கொண்டே அத்தெருவின் மனிதர்களைச் சிறுகதைகளில் நிலைநிறுத்திய ஆ. மாதவன் இம்மண்ணின் விளைவே அன்றோ?

சர்வகலாசாலையும் காலப்போக்கில் இப்பாதைக்குத் தன் கதவு ஒன்றைத் திறந்தது. பாளையத்திலுள்ள செனட் மன்றத்து வளாகத்தில் ரஷ்ய மொழிக்கும் ஜெர்மன் மொழிக்கும் அமைந்த துறைகள், பகுதிநேரச் சான்றிதழ் வகுப்புகளையும் டிப்ளமா வகுப்புகளையும் நடத்தி வருகின்றன. பி.ஏ. அல்லது எம்.ஏ. வகுப்பில் சேராதவரும் அங்கே சர்வகலாசாலை ஆசிரியரிடமே பாடம் கேட்கலாம். சோவியத் நூல்கள் மலிவாகக் கிடைத்த அந்நாட்களில், வான்ராஸ் சந்திப்பை அடுத்த சோவியத் கலாசார நிலையத்திலும் ரஷ்ய மொழி கற்றவர்கள் இந்நகரில் பலர். அவர்களில் உத்தியோகத்திற்காகக் கற்றோர் சிலர், புஷ்கினையும் செகாவையும் மூலத்திலேயே வாசிக்க விழைந்தோர் சிலர். இந்நாளில் ஜெர்மன் வகுப்புகளுக்கு வருவோருள் ஜெர்மனிக்குப் பணி நாடிச் செல்லும் செவிலியர் மிகுதி. நோக்கம் பலவாயினும் கல்வி ஒன்றே. மேலும், வயது வந்தோர் கல்விக்கும் தொடர்கல்விக்கும் விரிவாக்கத்துக்கும் என்று கேரளச் சர்வகலாசாலை தனியே ஒரு மையத்தை அமைத்து, நூலக விஞ்ஞானம், யோகம் முதலிய விஷயங்களில் குறுகிய காலச் சான்றிதழ் வகுப்புகளை நடத்தி வருகிறது. தச்சு வேலை செய்பவரும், கவடியாறில் ஓய்வூதியம் பெறும் அதிகாரியும், பிள்ளைகள் பள்ளிக்குச் சென்ற பின் ஓய்வு பெறும் தாயும், ஒரே பெஞ்சில் மாணாக்கராக அமர்வதற்கு இத்தகைய மையங்களைத் தவிர வேறு இடம் எது?

அண்மைக் காலத்தில் இக்கதவு மேலும் அகன்றிருக்கிறது. 1962-இல் தில்லியில் அஞ்சல் வழிக் கல்வி தொடங்கியது. 1985-இல் இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைச் சர்வகலாசாலை நிறுவப்பட்டது. 2020-இல் கொல்லத்தில் ஸ்ரீ நாராயண குருவின் பெயரால் கேரளத்திற்கே உரிய திறந்தநிலைச் சர்வகலாசாலை ஏற்பட்டது. ஐ.ஐ.டி.களும் இந்திய விஞ்ஞானக் கழகமும் கூடி நடத்தும் என்பிடெல் பாடங்களையும், 2017-இல் மத்திய அரசு தொடங்கிய ஸ்வயம் தளத்தின் பாடங்களையும் எவரும் கட்டணமின்றி வீட்டிலிருந்தே கேட்கலாம்; சான்றிதழ் வேண்டுவோர் மட்டும் கட்டணம் செலுத்தித் தேர்வெழுதினால் போதும். 2021-இல் வகுக்கப்பட்ட மதிப்பெண் வங்கி முறையின்படி, வெவ்வேறிடங்களில் பயின்ற பாடங்களின் மதிப்பைச் சேமித்து வைத்து, பிற்காலத்தில் பட்டத்திற்குக் கணக்கிடவும் வழி உண்டு.

இவ்வசதிகளையெல்லாம் நாம் மனமார வரவேற்கிறோம். ஆயினும் பேட்டையிலிருந்த அச்சபையின் சரித்திரம் நமக்கு ஒரு தத்துவத்தை உணர்த்துகிறது. அதனை மறவாதிருத்தல் நலம். ஸ்வாமிநாத தேசிகர் தம் வகுப்பைப் பட்டம் பெறவரும் மாணாக்கருக்கு நடத்தினார். தம் வித்தையை அதனை விரும்பி வந்தவருக்கும் அளித்தார். இவ்விரண்டும் ஒருவரிடத்தே ஒருங்கே அமைந்ததனாலேயே, கலாசாலையும் நகரமும் ஒன்றுக்கொன்று அயலாகாதிருந்தன. ஒரு சர்வகலாசாலை எவ்வளவு பேருக்குப் பட்டம் அளித்தது என்ற கணக்கு அதன் உழைப்பைக் காட்டும். பட்டம் கேளாமல் வந்தோர் எத்தனை பேருக்கு அது இடம் கொடுத்தது என்ற கணக்கே அதன் மனத்தைக் காட்டும். தேர்வுக்கு அமரும் மாணாக்கன் ஆசிரியரிடம் என்ன வினா வரும் என்று கேட்பான். பகலெல்லாம் உழைத்துவிட்டு அந்தியில் வந்தமரும் மாணாக்கனோ, தன் அனுபவத்தைக் கொண்டு ஆசிரியரையே வினவுவான். வக்கீலாயிருந்து சுவடி தேடியவரும், போலீஸ் உத்தியோகஸ்தராயிருந்து கால ஆராய்ச்சி செய்தவரும் நம் இலக்கியச் சரித்திரத்திற்குப் புதிய கண்களைத் தந்ததன் காரணம் இதுவே.

ஆகவே, வெவ்வேறு இலாகாக்களில் பணியாற்றும் பல்லாயிரவரைக் கொண்ட இந்நகரத்தில், நம் சர்வகலாசாலை செய்யக்கூடிய சிறந்த காரியம் ஒன்றுண்டு. தன் துறைகள் ஒவ்வொன்றிலும், சரித்திரமாயினும் தத்துவமாயினும், மொழியியலாயினும் வானசாஸ்திரமாயினும், ஆண்டுதோறும் ஒரு பாடத்தையேனும் மாலை வேளைக்கு மாற்றி, பட்டத்திற்குப் பெயர் பதியாதவரும் சிறு கட்டணத்தில் வந்து கேட்கலாம் என்று அறிவித்தல் அதுவாகும். இதற்குப் புதிய கட்டடம் வேண்டுவதில்லை. அந்தியில் வெறுமையாய்க் கிடக்கும் வகுப்பறைகளே போதும். புதிய சட்டமும் பெரிதாக வேண்டுவதில்லை. பட்டம் என்பது கல்வியின் ஒரு பயன் மட்டுமே என்ற தெளிவு வேண்டும். திருவனந்தபுரம் சென்ற நூற்றாண்டுகளில் தன் சபைகளாலும் நூலகங்களாலும் தானே நிறைவேற்றிக்கொண்ட அக்காரியத்தை, அந்நகரத்தின் சர்வகலாசாலை முறைப்படி ஏற்றுக்கொள்ளுமாயின், தன்னை வளர்த்த ஊருக்கு அது தன் கடனைச் செலுத்தியதாகும்.